பட்டாணியின் குட்டிக்கு ஒரு பேர்

— பிக்கிள்?

— வேணாம்.

— பாப்கார்ன்?

— விடு லவோன்.

— ஏன்யா, பாப்கார்னுக்கு என்ன குறைச்சல்? வெள்ளையும் மஞ்சளுமா, அங்கங்கே வெடிச்சு வச்ச மாதிரி திட்டுத் திட்டா இருக்கான். ஏ பாப்கார்ன்... இங்கே பாருடா கண்ணு... பாப்கார்ன்... ம்ஹும். காதை ஆட்டலை.

— தூங்கறான்.

— தூங்கலை. கண்ணு திறந்துதான் இருக்கு. மூச்சைக் கேளு, விசில் மாதிரி வருது. அந்தக் கம்பளியை இன்னும் கொஞ்சம் ஏத்திப் போர்த்து. ஏப்ரல் வந்தா போதும், ஓக்லஹோமாக் காத்துக்கு வேற வேலையே கிடையாது, நம்ம லாயத்துக்குள்ளதான் புகுந்து புறப்படணும்.

— கதவிடுக்குல சாக்கு அடைச்சிருக்கேன். விளக்கு போட்டுச் சூடு வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னை என்ன பண்ணச் சொல்றே?

— ஒண்ணும் பண்ணச் சொல்லலை. ஒரு பேர் வைக்கலாம்னுதான் சொல்றேன். இந்தப் பண்ணையை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பதிவுப் பேரு உன்னுது, லாயத்துப் பேரு என்னுது. உன் பேர்ல நான் தலையிட்டதில்ல. இப்ப நீ ஏன் என் பேர்ல தலையிடறே?

— தலையிட்டதே இல்லையா? 'செனட்டரின் வாக்குறுதி'ன்னு வச்சப்போ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சது யாரு?

— பின்னே சிரிக்காம? செனட்டரோட வாக்குறுதின்னு ஒரு குதிரைக்குப் பேர் வச்சா எவன் நம்பி வாங்குவான்?

— வாங்கினாங்களே. டல்ஸாக்காரங்க. போட்டியில ரிப்பன் கூட ஜெயிச்சா அவ.

— லாயத்துல அவளுக்கு என்ன பேரு?

— கிரேவி.

— கிரேவின்னு கூப்பிட்டாத்தானே வருவா? நீ வேலியோரம் நின்னு 'ரெட் க்ரீக் செனட்டரின் வாக்குறுதி'ன்னு கத்தி முடிக்கறதுக்குள்ள அவ தீவனத்தைத் தின்னுட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்பா.

— பதிவுப் பேரு கூப்பிடறதுக்கு இல்லம்மா. முன்னால பண்ணைப் பேரு, நடுவுல அப்பன் பேரு, கடைசியில அதுக்குன்னு ஒரு சொல்லு. படிச்ச உடனே இது எந்த ரத்தம்னு தெரியணும். அதுக்குத்தான் அந்தப் பேரு.

— அதுக்குத்தான் விரல் விட்டு எழுத்தை எண்ணிக்கிட்டு சூப்பு ஆற ஆற உக்காந்திருப்பே. எழுத்து கூடிப்போனா குதிரைச் சங்கத்துல திருப்பி அனுப்பிடுவாங்க, வேற யாராவது வச்ச பேரா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம கல்யாணத்துக்குக் கூட நீ இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டே.

— யோசிக்கலை. அதான் மாட்டிக்கிட்டேன்.

— பேசுவேய்யா, பேசு. அந்த டல்ஸாக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமில்ல? கிரேவின்னா கேவலமா இருக்குன்னு இளவரசின்னு மாத்தினாங்க. இளவரசி திரும்பிக்கூடப் பாக்கலை. அப்புறம் எனக்கு போன். 'லவோன், இதுக்குக் காது கேக்காதா'ன்னு. கிரேவின்னு கூப்பிட்டுப் பாருங்கன்னேன். போன்லயே கேட்டுச்சு, கதவை உதைச்சுக்கிட்டு வந்தா.

— நினைவிருக்கு.

— ஏன்னா பேரை நாம வைக்கறதில்ல. நாம சொல்லிச் சொல்லிப் பாக்கறது, அவ்வளவுதான். எதுக்குக் காதைத் திருப்புதோ அதுதான் அதோட பேரு. இவனுக்கும் எங்கேயோ ஒரு பேர் இருக்கும். எனக்குத்தான் இன்னும் தட்டுப்படலை. மஃபின்? ஏ மஃபின்... நூடுல்... பீன்ஸ்...

— லவோன், போதும்.

— உனக்கு மட்டும் பேர் தயாரா இருந்துச்சே. பட்டாணி வயித்துல இவன் இருக்கறப்பவே, குளிர்காலத்துலயே ஏதோ ஒண்ணு எடுத்து வச்சிருந்தே. கேட்டா சொல்ல மாட்டேன்னே. என்ன அது?

— இப்ப எதுக்கு?

— சொல்லேன்.

— 'செனட்டரின் வசந்தம்'.

— நல்லா இருக்கே. நிஜமாவே நல்லா இருக்கு. வாக்குறுதியை விட ஆயிரம் மடங்கு தேவலை. சரி, அடுத்த குட்டிக்கு வச்சுக்கோ.

— அடுத்த குட்டி இல்ல.

— ஏன், பட்டாணிக்கு இன்னும் வயசிருக்கே.

— லவோன், இவனுக்கு அந்தப் பேரை வைக்க முடியாது. அது உனக்கே தெரியும்.

— நீ சொல்லு. நேத்துலேர்ந்து நீ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை. டாக்டர் சொன்னா, நான் அழுதேன், நீ வைக்கோல் அள்ளிப் போட்டே. இப்பவாவது சொல்லு.

— என்ன சொல்ல? நம்ம குதிரையே இடுப்பு உயரம்தான். ஆனா சின்னதா இருந்தாலும் எல்லாம் அளவா இருக்கணும், பெரிய குதிரையைத் தூரத்துலேர்ந்து பாக்கற மாதிரி. இவனைப் பாரு. தலை ஒண்ணுதான் பெருசு. நாலு காலும் வளைஞ்சு, கீழ்த்தாடை முன்னால வந்து... இது குள்ளம். குள்ளக் குட்டியைப் பதிவுல சேர்த்துக்க மாட்டாங்க. பண்ணைப் பேரும் கிடையாது, அப்பன் பேரும் கிடையாது. சொல்லிட்டேன். போதுமா?

— அப்போ அவனுக்குன்னு மிச்சம் இருக்கறது லாயத்துப் பேரு ஒண்ணுதான். அதையும் குடுக்க விடமாட்டேங்கறே.

— பட்டாணிக்குத் தண்ணி வச்சியா?

— வச்சாச்சு. குடிக்கலை. அவளைப் பாரு, பாவி மக, முகர்ந்து முகர்ந்து பாக்கறா. மடியில பால் கட்டிக்கிட்டு நிக்கறா. இவன் ஏன் வந்து குடிக்க மாட்டேங்கறான்னு அவளுக்கு யாரு எடுத்துச் சொல்லுவா? அந்த பாட்டிலைக் குடு, இன்னொரு தடவை பாக்கறேன்.

— இப்பத்தானே பாத்தே. மூக்கு வழியா வந்துச்சு.

— குடுய்யா.

— இந்தா. சொட்டுச் சொட்டா விடு.

— வாடா ராசா... ஒரே ஒரு வாய்... நாக்கைச் சப்பு... அப்படித்தான், அப்படித்தான் என் தங்கம்... வெண்டல், சப்பறான் பாரு! ... ஐயோ. ஐயோ, வந்துடுச்சு. மூக்குல வருது. துணியைக் குடு, துணி.

— தலையைக் கீழே சாய். அவ்வளவுதான். விடு, வெளியே வந்துடும்.

— ஆசைப்படறான்யா. குடிக்கணும்னு ஆசை இருக்கு அவனுக்கு. தாடைதான் சேர மாட்டேங்குது.

— தெரியுது.

— நேத்து டாக்டர் ரெனீ குழாய் வச்சு விட்டாளே, அந்த மாதிரி நாம விட்டா என்ன?

— எத்தனை தடவை விடுவே? அவளே என்ன சொன்னா? இன்னிக்குத் தானா எழுந்து நின்னாப் பாக்கலாம்னா. நிக்கலை.

— இன்னும் மத்தியானம் கூட ஆகலையே. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அப்புறம் கூப்பிடலாம் அவளை.

— கூப்பிட்டாச்சு.

— யாரு?

— நான்தான். வந்துக்கிட்டிருக்கா.

— என்னைக் கேக்காமலா?

— கேட்டா என்ன சொல்லியிருப்பே?

— வேணாம்னு சொல்லியிருப்பேன்.

— அதான் கேக்கலை.

— கல் நெஞ்சுய்யா உனக்கு. சரி. அப்போ நேரமே இல்ல. அவ வர்றதுக்குள்ள பேர் வச்சாகணும். சிரிக்காதே, நான் கண்ணால பாத்திருக்கேன். கிரேவி பிறந்தப்போ துணி மாதிரி தொங்கினா. காலையெல்லாம் பக்கத்துல உக்காந்து கிரேவி கிரேவின்னு கூப்பிட்டேன், எழுந்து நின்னாளா இல்லையா?

— அவளுக்குக் கால் நேரா இருந்துச்சு லவோன்.

— கால் பேரைக் கேக்காது. காதுதான் கேக்கும். நீ என்ன பாக்கெட்டுல கையை விட்டு சும்மா குலுக்கிக்கிட்டே இருக்கே, எரிச்சலா வருது... இரு. இரு! திருப்பினான்! வெண்டல், காதைத் திருப்பினான், பாத்தியா?

— பாத்தேன்.

— காது கேக்குது! நான்தான் ஒருவேளை அதுவும் போச்சோன்னு பயந்துட்டேன். டேய் கண்ணு, கேக்குதா? பாப்கார்ன்! மஃபின்! ... மறுபடியும் மடக்கிக்கிட்டான். என்ன வச்சிருக்கே பாக்கெட்டுல?

— ஆணி.

— வேலிக்கு அடிக்கற ஆணியா?

— ம்.

— ஓகோ. டாக்டரையும் கூப்பிட்டாச்சு, ஆணியும் எடுத்தாச்சு. சுத்தியல் வண்டியில இருக்கா?

— லவோன்...

— இல்ல, கேக்கறேன். ரெனீ வண்டிச் சத்தம் கேட்டா உனக்கு வேலி ஞாபகம் வந்துடுமே. பிஸ்கட் போன அன்னிக்கு மேற்கு வேலி. ஜோக்கர் போன அன்னிக்கு ஓடைக்கரை வேலி முழுசும். அந்தச் செவலைக் குட்டிக்கு வயித்துல முறுக்கிக்கிட்டப்போ, முதல் நாள்தான் போட்ட வாசக் கதவைப் பிடுங்கி மறுபடியும் போட்டே. இந்தக் கவுண்டியிலேயே நம்ம வேலி மாதிரி உறுதியான வேலி எவன்கிட்டயும் கிடையாது. ஊரே மெச்சுது. ஒவ்வொரு கம்பமும் யாரு செத்தப்போ நட்டதுன்னு எனக்குத்தானே தெரியும்.

— தலையைப் பிடிக்கற வழக்கத்தை நீதான் வச்சே. நான் இல்ல.

— ஆமா, நான்தான் வச்சேன். பதிவுப் பேரு வச்சவன் காகிதத்தைப் பிடிக்கட்டும், லாயத்துப் பேரு வச்சவ கடைசி ஊசி போடறப்போ தலையைப் பிடிக்கட்டும்னேன். பிறந்தன்னிக்குக் காதுல விழுந்த குரல் போற அன்னிக்கும் விழணும். புதுசா ஒரு கையும் புதுசா ஒரு ஊசியும் மட்டும் இருந்தா அதுக்குப் பயமா இருக்காதா? அதுல என்ன தப்பு?

— தப்புன்னு யார் சொன்னா? பிஸ்கட் தலையைப் பிடிச்சியே, அதுக்கப்புறம் நீ எப்படி இருந்தேன்னு உனக்கு நினைவிருக்கா?

— இப்ப அது எதுக்கு?

— எழுந்திருக்கவே இல்ல. சமையலறைப் பக்கம் வரலை, லாயத்துப் பக்கம் வரலை. நான் முட்டை பொரிச்சுக் கொண்டு வந்து வச்சா அப்படியே இருக்கும்.

— நீ பொரிச்ச முட்டையை எவ தின்னுவா? செருப்புத் தோல் மாதிரி இருந்துச்சு.

— 'இன்னொண்ணு என்னால ஆகாது வெண்டல், நான் செத்துப் போயிடுவேன்'னே. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு சொன்னே.

— துக்கத்துல ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருப்பியா? பேச்சை மாத்தாதே. நீ ஏன் இவனுக்குப் பேர் வேணாங்கறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா?

— ஏன்?

— பட்டனுக்காக.

— பட்டனா?

— ஆமா. உன் பட்டன், இவனோட அப்பன். லாயத்துல பட்டன், காகிதத்துல பெரிய செனட்டர், மாநிலம் பூரா பேர் போன ஆண் குதிரை. குள்ளம் தானா வராதுன்னு ரெனீ நேத்து சொன்னா, நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னே? ஆத்தா ரத்தத்துலயும் இருக்கணும், அப்பன் ரத்தத்துலயும் இருக்கணும்னா. பட்டாணியை யாருக்கும் தெரியாது. பட்டனை எல்லாருக்கும் தெரியும். இவனுக்குப் பேர் இல்லேன்னா செத்துப் பிறந்துச்சுன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடலாம். பேர்னு ஒண்ணு இருந்தா நான் நாலு பேர்கிட்ட சொல்லுவேன், அவங்க யாரோட குட்டின்னு கேப்பாங்க. அதானே உன் பயம்?

— அப்படியா நினைக்கறே என்னை?

— வேற எப்படி நினைக்கறது, நீ வாயே திறக்கலைன்னா?

— நினைச்சுக்கோ.

— பாத்தியா, இல்லேன்னு கூடச் சொல்ல மாட்டேங்கறே.

— என்ன சொல்லணும் லவோன்? செனட்டரின் வாக்குறுதி, செனட்டரின் பெருமை, செனட்டரின் ஞாயித்துக்கிழமை... அவனுக்குப் பிறந்த அத்தனைக்கும் அவன் பேரை நானே உக்காந்து எழுத்தெண்ணி எழுதி வச்சிருக்கேன். பதிவுப் பேரை அழிக்க முடியாது. நான் மறைக்கணும்னு நினைச்சாலும் அது எந்த ஊர்ல நின்னாலும் கழுத்துல போர்டு மாட்டின மாதிரி நிக்குது. ஒவ்வொண்ணும் குட்டி போடற வயசுல இருக்கு. அதுங்களை யாரு என்ன சொல்லி நிறுத்தறது? ராத்திரியெல்லாம் அதுங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். பெருமையா இருக்கும்னு வச்சேன்.

— ஞாயித்துக்கிழமைக்கு நான் வேணாம்னு அப்பவே சொன்னேன்.

— சொன்னே.

— வெண்டல்... அழறியா?

— காத்துல வைக்கோல் தூசி.

— ம். எனக்கும் தூசிதான். வண்டிச் சத்தம் கேக்குது. போய்யா, கிளம்பு உன் வேலிக்கு.

— ரெனீ, கதவை மெல்லத் திற, சாக்கு அடைச்சிருக்கு.

— சரிங்க வெண்டல். அப்பா, என்ன காத்து, ஆளைத் தூக்குது. லவோன், எப்படி இருக்கீங்க? ராத்திரி இங்கேயே இருந்தீங்களா ரெண்டு பேரும்?

— எங்களை விடு ரெனீ, அவனைப் பாரு. கொஞ்சம் தேவலை. பால் குடிச்சான்.

— குடிச்சானா வெண்டல்?

— இல்ல.

— எழுந்து நின்னானா?

— இல்ல.

— காது கேக்குது ரெனீ! காதைத் திருப்பினான், வெண்டலும் பாத்தான். கேளு அவனை.

— சரி லவோன், சரி. கொஞ்சம் நகருங்க, நெஞ்சைக் கேட்டுட்டுச் சொல்றேன்... ம்... வாடா சின்னவனே, வலிக்காது... லவோன், இப்படி உக்காருங்க. மூச்சுக்குழாயே குறுகிப் போயிருக்கு. நேத்து எனக்குச் சந்தேகமா இருந்துச்சு, இன்னிக்கு நிச்சயமாத் தெரியுது. குடிக்கவும் முடியாது, வளரவும் முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபடறான்.

— பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா? நாங்க ஓட்டிக்கிட்டுப் போறோம். இப்பவே போறோம்.

— வண்டியிலேயே போயிடுவான் லவோன், மூச்சு முட்டி. வழி இருந்தா நான் சொல்ல மாட்டேனா?

— நாளைக்கு வரைக்குமாவது?

— வச்சிருக்கலாம். உங்களுக்காக வச்சிருக்கலாம். அவனுக்காக இல்ல.

— வெண்டல், நீ ஏதாவது சொல்லேன்யா. வாயில கொழுக்கட்டையா?

— அவ சொல்றதுதான் லவோன். வேற ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணுமே இல்ல.

— வெண்டல், காலையில போன்ல பட்டனுக்குக் காயடிக்கணும்னு சொன்னீங்களே, அந்தச் சாமானும் கொண்டாந்திருக்கேன். இன்னிக்கே பண்ணணுமா, இல்ல இன்னொரு நாள் வரட்டுமா?

— இன்னிக்கே. இவனுக்கப்புறம்.

— என்ன சொல்றா இவ? பட்டனுக்கா? வெண்டல்?

— அடுத்த குட்டி இல்லன்னேனே.

— நீ பட்டாணியைச் சொல்றேன்னு நான் நினைச்சேன்.

— டல்ஸாவுக்கும் பேசிட்டேன். கிரேவியை ஆண் குதிரையோட சேர்க்க வேணாம், முதல்ல ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்கன்னு. மத்தவங்களுக்கு சாயங்காலம் பேசணும். யார் யார்னு யோசிக்கவே வேண்டியதில்ல, பேர்லயே அவன் இருக்கானே.

— ஏன்யா என்கிட்ட சொல்லலை? நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே உன்னை.

— பேசிட்டுப் போ. எனக்கு என்ன புதுசா?

— லவோன், வெண்டல்... ஊசி தயாரா இருக்கு. அவனை ரொம்ப நேரம் காக்க வைக்க வேணாம். உங்க வழக்கம் எனக்குத் தெரியும், அதான் கேக்கறேன். பேர் வச்சாச்சா? யாரு பிடிக்கறீங்க?

— வைக்கலை ரெனீ. காலையிலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், எதுக்கும் திரும்பலை. ஆனா பேரில்லாம அவனை அனுப்ப மாட்டேன். பாப்கார்ன்னே இருக்கட்டும். நான் பிடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது வெண்டல், அப்படிப் பாக்காதே. நீ வேலிக்குப் போ. இந்தத் தடவை நான் கிண்டல் பண்ண மாட்டேன், சத்தியமா. போய்யா. வாடா பாப்கார்ன், அம்மா மடிக்கு வா—

— அவன் பேரு பாப்கார்ன் இல்ல லவோன். விடியறப்போ நீ வைக்கோல்ல சாஞ்சு கண்ணசந்தே, நான் பாக்கெட்டுல கையை விட்டுக் குலுக்கினேன், காதைத் திருப்பினான். அப்பவே வச்சுட்டேன், அவன் பேரு ஆணி. நகரு, தலையை என் மடியில வை.